சொட்டுநீர் கிட் எப்படி இருக்கிறது, அதற்குப் பின்னால் நின்ற லெவி எஷ்கோல் யார்

கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல், புதுக்கடை ஊர்ப் பக்கம் விளையில் (தோட்டத்தில்) வாழை போட்டிருக்கிறவர்கள் பலரும் சொட்டுநீர்ப் பாசன கிட் வாங்கலாமா என்று கேட்கிறார்கள். வாங்கலாம். குழாயும், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுகிற டிரிப்பரும் நல்ல பொருள், ஏத்தன் வாழைக்கும் மட்டி வாழைக்கும் நன்றாக ஒத்துப்போகிறது, தண்ணீரும் ஆள் சம்பளமும் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு மிச்சமாகிறது. ஆனால் கிட்டோடு வருகிற ஃபில்டர் நம் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீருக்குப் போதாது, விற்ற பிறகு வந்து பார்க்கிற சர்வீஸ் சுத்தமாக இல்லை. இந்த இரண்டையும் சரிக்கட்டத் தயாராக இருந்தால் மட்டும் வாங்குங்கள். கம்பெனி பெயரையும் கடைப் பெயரையும் எழுதப் போவதில்லை, ஏனென்றால் நான் சொல்லப் போகிற குறைகள் ஒரு கடையின் குறை மட்டுமில்லை, விசாரித்தால் எல்லா இடத்திலும் ஏறக்குறைய இதே கதைதான்.

முதலில் பொருளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் விளை ஒரு ஏக்கர், வெட்டுக்கல் கலந்த செம்மண், 7 அடிக்கு 7 அடி இடைவெளியில் சுமார் 890 மூடு வாழை. பி.வி.சி. மெயின் பைப், அதிலிருந்து இரண்டு வால்வு வைத்து இரண்டு பிரிவு, ஒவ்வொரு வரிசைக்கும் 16 மில்லிமீட்டர் லேட்டரல் டியூப், ஒரு மூட்டுக்கு இரண்டு டிரிப்பர். ஒரு டிரிப்பர் மணிக்கு 4 லிட்டர் விடும். இரண்டு மணி நேரம் ஓடினால் ஒரு மூட்டுக்கு 16 லிட்டர். வால்வு திறந்து வாய்க்காலில் விட்டுப் பாய்ச்சினால் வாழை குடித்ததைவிட இடையில் மண் குடித்தது அதிகம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான், அதிலும் நம் சரல் மண்ணில் தண்ணீர் நிற்கவே நிற்காது. இப்போது வாழையின் அடிமண் எப்போதும் ஒரே அளவு ஈரத்தில் இருக்கிறது, மாசி பங்குனி வெயிலிலும் இலை தொங்குவதில்லை. இரண்டு வரிசைக்கு நடுவில் மண் காய்ந்து கிடப்பதால் களையும் குறைவு. மம்பட்டி வேலைக்கு ஆள் கிடைக்காமல் அலைகிறவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

உரம் போடுவதும் எளிது. வென்சுரி என்று ஒரு சின்ன உறிஞ்சுகுழாய் கிட்டோடு தருகிறார்கள், யூரியாவையும் வெள்ளைப் பொட்டாஷையும் வாளியில் கரைத்து அதன் வழியாக விட்டால் நேராக வேருக்குப் போகிறது. சூப்பர் பாஸ்பேட்டை மட்டும் இதில் விடாதீர்கள், அது முழுதாகக் கரையாது, டிரிப்பர் வாயில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதைக் கன்று வைக்கும்போதே மண்ணில் போட்டுவிட வேண்டும்.

இனி குறைக்கு வருகிறேன். எங்கள் கிணற்றுத் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து ஒரு இரவு வைத்தால் காலையில் அடியில் காவி படிந்திருக்கும். அது இரும்பு. கிணற்றுக்குள் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிற இரும்பு, காற்றுப் பட்டதும் துருவாக மாறும். டிரிப்பர் வாய் காற்றுப் படுகிற இடம், அதனால் அங்கேதான் துரு பிடித்து அடைக்கிறது. கிட்டில் வருகிற டிஸ்க் ஃபில்டர் மணலையும் பாசியையும் பிடிக்கும், கரைந்து வருகிற இரும்பை அது எப்படிப் பிடிக்கும்? லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு இருந்தால் டிரிப்பர் அடைப்பு கட்டாயம் வரும் என்று பாசனப் பொறியியல் படித்தவர்கள் சொல்கிறார்கள். அதற்கு வழியும் இருக்கிறது. தண்ணீரை முதலில் ஒரு தொட்டியில் உயரத்திலிருந்து கொட்டவிட்டு, காற்றுப் பட்டுத் துரு அடியில் படிந்த பிறகு மேல்தண்ணீரை சேண்ட் ஃபில்டர் வழியாக எடுக்க வேண்டும். தொட்டி வேண்டும், சேண்ட் ஃபில்டர் வேண்டும், கொஞ்சம் இடமும் வேண்டும். இதை விற்கிறவர்தான் முதலில் சொல்ல வேண்டும். தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள் என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. நிலத்தை அளந்தார்கள், குழாய்க்குக் கணக்குப் போட்டார்கள், கையெழுத்து வாங்கினார்கள், அவ்வளவுதான்.

சர்வீஸ் விஷயமும் அப்படியே. லேட்டரல் டியூப் சப்மெயினில் (மெயின் பைப்பிலிருந்து பிரிகிற குழாயில்) சேருகிற இடத்தில் குரோமெட் என்று ஒரு ரப்பர் வளையம் வரும், வெயிலில் அது இறுகி ஒழுக ஆரம்பிக்கும். அணில் டியூபைக் கடிக்கும், பெருச்சாளி மண்ணுக்குள் கடிக்கும். இதெல்லாம் பெரிய கோளாறே இல்லை, உதிரிப் பொருள் கையில் இருந்தால் அரை மணி நேர வேலை. ஆனால் அந்த உதிரிப் பொருளுக்காகக் கடைக்குப் போனால் 'ஆர்டர் போட்டிருக்கிறோம்' என்பார்கள், போன் செய்தால் எடுக்க மாட்டார்கள். வாழை குலை தள்ளுகிற நேரத்தில் ஒரு வரிசைக்குத் தண்ணீர் போகாவிட்டால் அந்த வரிசையின் குலை எடை குறைந்துவிடும், அது வருடத்துக்கு ஒருமுறை கிடைக்கிற வருமானம். இதை விற்பனைக்கு வருகிற தம்பிமார்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

அவர்கள் கொடுக்கிற மடிப்பிதழின் முதல் பக்கத்திலேயே 'இஸ்ரேல் தொழில்நுட்பம்' என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது. விற்கிறவரிடம் அது என்ன என்று கேட்டால், பாலைவனத்திலேயே விளைய வைத்துவிட்டார்கள் சார், என்கிறார். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது. என் மைனி (மதினி) இஸ்ரேலில் பெத்தா திக்வா என்ற ஊரில் ஒரு முதியவரைப் பராமரிக்கிற வேலையில் இருக்கிறார், நம் மாவட்டத்திலிருந்தும் கேரளாவிலிருந்தும் நிறையப் பேர் அந்த வேலைக்கு அங்கே போயிருப்பது தெரிந்ததே. அவரிடம் பேசும்போது இந்தக் குழாய்ப் பேச்சு வந்தது. அந்தப் பெரியவர் மேசை இழுப்பறையில் பழைய 5 ஷெக்கல் நோட்டு ஒன்றை வைத்திருக்கிறாராம், 1985ல் வந்தது, இப்போது புழக்கத்தில் இல்லை, 5 ஷெக்கல் நாணயமாகிவிட்டது. அதில் ஒரு பக்கம் ஒரு தலைவரின் முகம், மறுபக்கம் ஒரு பெரிய தண்ணீர்க் குழாய். பண நோட்டில் குழாயைப் போட்ட நாடு என்றால் அந்த முகம் யாருடையது என்று தேடாமல் இருக்க முடியவில்லை. லெவி எஷ்கோல், பின்னாளில் இஸ்ரேலின் பிரதமரானவர். அவருடைய அரசியல் வாழ்க்கையைப் படிக்கப் படிக்க, என் கிட்டில் என்ன குறைகிறது என்பது எனக்கு இன்னும் தெளிவாகப் பிடிபட்டது.

எஷ்கோல் 1895ல் இன்றைய உக்ரைனில், அன்றைய கீவ் மாகாணத்தில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். அப்போதைய பெயர் ஷ்கோல்னிக். 1914ல், இருபது வயதுகூட ஆகாமல், துருக்கியர் ஆட்சியிலிருந்த பாலஸ்தீனத்துக்கு வந்து தோட்டக் கூலியாக வேலை செய்தார், அதுவும் மைனி இருக்கிற அதே பெத்தா திக்வாவில். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் படையின் யூதப் பிரிவில் இருந்தார். 1920ல் கலிலேயக் கடல் ஓரத்தில் டெகானியா பெத் என்ற கூட்டுப் பண்ணையைத் தொடங்கியவர்களில் ஒருவர். பேச்சாளர் இல்லை, எழுத்தாளர் இல்லை. சேர்ந்து வாழ்கிறவர்களுக்குப் பணம் புரட்டுவது, சாமான் வாங்குவது, கணக்குப் பார்ப்பது, சண்டை தீர்ப்பது, இதுதான் அவருக்கு வந்த வேலை.

1937ல் மெக்கொரோட் என்ற தண்ணீர் நிறுவனம் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் எஷ்கோலும் ஒருவர், 1951 வரை அதை நடத்தியவரும் அவர்தான். கூடவே இரண்டு பேர். ஒருவர் பின்ஹாஸ் சபீர், பின்னாளில் இவருக்குப் பிறகு நிதியமைச்சரானவர். இன்னொருவர் சிம்ஹா பிளாஸ் என்ற பொறியாளர். இந்தப் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

குழாய் வாங்க அப்போது காசு ஏது? 1933ல் நாஜி ஜெர்மனியுடன், யூதர்களுக்குத் தனி நாடு கேட்ட சியோனிச அமைப்புகள் ஒரு ஒப்பந்தம் போட்டிருந்தன. ஜெர்மனியை விட்டு வெளியேறுகிற யூதர்களின் சொத்து அங்கேயே முடக்கப்படாமல், ஜெர்மன் சாமான்களாக மாறிப் பாலஸ்தீனத்துக்கு வரும், வந்து சேர்ந்தவர்களுக்கு அதன் மதிப்பில் ஒரு பகுதி கிடைக்கும். ஹிட்லரின் அரசோடு பேரமா என்று யூதர்களுக்குள்ளேயே பெரிய எதிர்ப்பு எழுந்த ஒப்பந்தம் அது. எஷ்கோல் பெர்லினில் உட்கார்ந்து அந்த வேலையைப் பார்த்தவர். அந்த வழியில் வந்த சாமான்களில் இரும்புக் குழாய்களும் இருந்தன, அவைதான் மெக்கொரோட்டின் தொடக்க காலக் குழாய்கள். இதைப் படித்தபோது எனக்குக் கலக்கமாகத்தான் இருந்தது. சரி தவறு என்று ஒரு வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போகிற விஷயமில்லை, அந்த ஒப்பந்தத்தால் உயிர் தப்பி வந்தவர்கள் பல்லாயிரக்கணக்கில் இருக்கிறார்கள்.

1946 அக்டோபரில் தெற்கே நெகேவ் வறண்ட நிலத்தில் ஒரே இரவில் 11 யூதக் குடியிருப்புகளைப் போட்டார்கள். அங்கே தண்ணீர் கிடையாது. அடுத்த வருடம் மெக்கொரோட் அங்கே குழாய் கொண்டுபோனது. அந்தக் குழாய்கள் லண்டனில் குண்டுவீச்சு நடந்த காலத்தில் தீயணைப்பதற்காகத் தெருவில் போட்டிருந்தவை, போர் முடிந்து வேண்டாமென்று விற்றதை வாங்கி வந்தார்கள். அந்த 11 குடியிருப்புகளில் ஒன்று ஹட்சேரிம். இந்தப் பெயரையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1948ல் இஸ்ரேல் நாடு அமைந்ததும் எஷ்கோல் பாதுகாப்பு அமைச்சகத்தின் தலைமை அதிகாரியாக இருந்தார். 1951ல் விவசாய அமைச்சர். அடுத்த வருடம் நிதியமைச்சர் கப்லான் உடல்நலம் குன்றி விலக, அந்தப் பதவிக்கு வந்து 1963 வரை, பதினோரு வருடம், நிதியமைச்சராகவே இருந்தார். அதோடு, யூதர்களின் குடியேற்றத்தைக் கவனித்த யூத ஏஜென்சி என்ற அமைப்பின் குடியேற்றத் துறைத் தலைமையும் அவர் கையில்தான். நாடு அமைந்து மூன்றரை வருடத்துக்குள் யூத மக்கள்தொகை இரண்டு மடங்காகியிருந்த நேரம் அது, வந்தவர்களுக்கு நூற்றுக்கணக்கில் விவசாயக் கிராமங்களை அமைத்தார். அந்தக் கிராமங்களில் பல, 1948ல் வெளியேற்றப்பட்ட பாலஸ்தீனர்களின் நிலத்தில் எழுந்தவை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பணம் எங்கிருந்து வந்தது என்றால், 1952ல் மேற்கு ஜெர்மனி இழப்பீடாக 300 கோடி மார்க் தர ஒப்புக்கொண்டது, பெரும்பகுதி சாமானாகவே வந்தது, கப்பல், எந்திரம், இரும்பு. நிதியமைச்சர் அதைக் குழாயாகவும் மின் நிலையமாகவும் மாற்றினார்.

1955ல் யார்கோன் ஆற்றுத் தண்ணீர் நெகேவுக்குப் போகிற குழாய் திறக்கப்பட்டது. 1959ல் ஒரு தண்ணீர்ச் சட்டம் வந்தது. அதன்படி நாட்டின் நீர்நிலைகள் எல்லாம் பொதுச்சொத்து, உன் நிலத்துக்கு அடியில் இருக்கிற தண்ணீரும் உன்னுடையது இல்லை, அளவு வைத்துத்தான் எடுக்க வேண்டும். நம் ஊரில் ஒருவர் கிணறு வெட்டினால் பக்கத்து விளைக்காரர் அதைவிட ஆழமாகப் போர் போடுகிறார், இரண்டு பேர் கிணறும் வற்றுகிறது. அந்தச் சட்டத்தை இங்கே கொண்டுவர முடியுமா என்பது வேறு கேள்வி. ஆனால் சொட்டுநீர்க் குழாய்க்குப் பின்னால் அப்படி ஒரு சட்டம் இருந்தது என்பது மடிப்பிதழில் இல்லை.

பெரிய வேலை தேசியத் தண்ணீர்க் குழாய்த் திட்டம். 1953ல் யோர்தான் ஆற்றின் மேற்பகுதியிலிருந்து தண்ணீர் திருப்ப வேலை ஆரம்பித்தார்கள், அது சிரியா எல்லையில் படை விலக்கப்பட்ட பகுதி. சிரியா ஐ.நா.வில் முறையிட்டது, அமெரிக்கா உதவித்தொகையை நிறுத்தி வைத்தது, வேலையை நிறுத்த வேண்டியதாயிற்று. பிறகு தண்ணீர் எடுக்கிற இடத்தைக் கலிலேயக் கடலுக்கு மாற்றினார்கள். பெயர்தான் கடல், அது ஒரு நன்னீர் ஏரி, கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. இடத்தை மாற்றியதால், தானாக இறங்கி வர வேண்டிய தண்ணீரைக் குழியிலிருந்து மேலே தூக்க வேண்டியதாயிற்று, அதற்கு நாட்டின் மின்சாரத்தில் ஒரு பங்கு போயிற்று. 108 அங்குலக் குழாய், கால்வாய், சுரங்கம் எல்லாம் சேர்த்துச் சுமார் 130 கிலோமீட்டர். 1964 ஜூனில் தண்ணீர் ஓடியது. அதற்கு முந்தின வருடம்தான் பிரதமர் பென் குரியன் விலகி, எஷ்கோல் பிரதமராகியிருந்தார். 1937ல் குழாய் வாங்க அலைந்த ஆள் 27 வருடம் கழித்துப் பிரதமராக அந்த வேலையை முடித்து வைத்தார். இன்று ஏரிக்கரைப் பம்பு நிலையத்துக்குச் சபீர் பெயர், வழியில் இருக்கிற நீர்த்தேக்கத்துக்கு எஷ்கோல் பெயர்.

இப்போது அந்த இரண்டு பெயர்களுக்கு வருகிறேன். சிம்ஹா பிளாஸ் 1930களில் ஒரு மரத்தைப் பார்த்தார் என்று சொல்வார்கள். பக்கத்து மரங்களைவிட அது பெரிதாக வளர்ந்திருந்தது, தண்ணீர் விட்டவர் யாருமில்லை, தோண்டிப் பார்த்தால் பக்கத்துக் குழாயில் ஒரு சின்ன ஒழுக்கு, சொட்டுச் சொட்டாக வேருக்குப் போய்க்கொண்டிருந்தது. அதை அவர் மறக்கவில்லை, ஆனால் அப்போது பிளாஸ்டிக் குழாய் இல்லை, இரும்புக் குழாயில் அதைச் செய்ய முடியாது. அரசு வேலையில் கருத்து வேறுபாடு வந்து 1950களில் விலகிய பிறகுதான் அதைக் கையில் எடுத்தார். 1965ல் ஹட்சேரிம் பண்ணையோடு சேர்ந்து நெட்டாஃபிம் நிறுவனம் உருவானது. லண்டன் தீயணைப்புக் குழாயில் தண்ணீர் கண்ட அந்த 11 குடியிருப்புகளில் ஒன்று, மண் உப்பு, விவசாயத்தில் மட்டும் பிழைக்க வழியில்லை, அதனால் ஒரு தொழிற்சாலை தேடியவர்கள். அவர்கள் செய்த டிரிப்பரின் வாரிசுதான் என் வாழை மூட்டில் 4 லிட்டர் விட்டுக்கொண்டிருக்கிறது.

என் வாதம் இதுதான். டிரிப்பர் வந்தது 1965ல். அதற்கு முன்னால் ஏறக்குறைய முப்பது வருடம் குழாய் வாங்கியது, பணம் தேடியது, சட்டம் போட்டது, பம்பு நிலையம் கட்டியது, அளவு வைத்தது, பராமரிக்க ஒரு நிறுவனத்தை வைத்தது எல்லாம் நடந்து முடிந்திருந்தது. அந்த முப்பது வருட வேலையை அமைச்சரவையிலும் அதற்கு வெளியிலும் இருந்து பார்த்தவர் எஷ்கோல். நமக்கு விற்கப்படுவது கடைசி ஒரு சாண் குழாய் மட்டும். பின்னால் இருக்க வேண்டிய தொட்டி, ஃபில்டர், உதிரிப் பொருள், கூப்பிட்டால் வருகிற ஆள், இவை எதுவும் மூட்டையில் வருவதில்லை.

எஷ்கோலைப் புகழ்ந்து மட்டும் எழுதிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அவருடைய தண்ணீர்த் திட்டத்தை எதிர்த்து 1964 ஜனவரியில் கெய்ரோவில் கூடிய அரபு நாடுகள் யோர்தானின் தலைப்பகுதி ஓடைகளையே திருப்பிவிட முடிவு செய்தன, இஸ்ரேல் அந்த வேலை நடந்த இடங்களைத் தாக்கியது. பாலஸ்தீன ஆயுத இயக்கமான ஃபத்தாவின் முதல் தாக்குதல் முயற்சியே 1965 தொடக்கத்தில் இந்தத் தண்ணீர்த் திட்டத்தின் மேல்தான். 1967 போருக்கு வழிவிட்ட காரணங்களில் தண்ணீரும் ஒன்று. அந்தப் போருக்கு முன் மே 28 அன்று எஷ்கோல் வானொலியில் பேசினார், கையெழுத்துத் திருத்தங்கள் நிறைந்த தாளை வாசிக்கும்போது தடுமாறினார், கேட்ட மக்கள் பயந்துபோனார்கள், நான்கு நாளில் பாதுகாப்பு அமைச்சர் பதவியை மோஷே தயானுக்கு விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. படையைத் தயார் செய்தது எஷ்கோல் காலம், வெற்றியின் பெயர் தயானுக்குப் போனது. அவர் எதிலும் நடுவழி தேடுகிறவர், டீயா காப்பியா என்று கேட்டால் பாதி பாதி என்பார் என்று அவர் ஊரிலேயே கிண்டல் செய்வார்கள். எனக்கு அந்தக் குணம் பிடித்திருக்கிறது. 1948 முதல் இஸ்ரேலின் அரபுக் குடிமக்கள் மேல் இருந்த ராணுவ நிர்வாகத்தை 1966 டிசம்பரில் முடிவுக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான், பென் குரியன் செய்ய மறுத்தது அது.

ஆனால் அடுத்த வருடமே, மேற்குக்கரையும் காசாவும் கையில் வந்தபோது, 1967 ஆகஸ்டில் ஒரு ராணுவ ஆணை அங்கே இருக்கிற தண்ணீர் முழுவதையும் ராணுவத்தின் அதிகாரத்தின் கீழ் கொண்டுபோனது. அனுமதி இல்லாமல் பாலஸ்தீன விவசாயி புதுக் கிணறு வெட்ட முடியாது. அப்போது பிரதமர் எஷ்கோல். தண்ணீர் பொதுச்சொத்து என்ற கொள்கை அந்த மக்களுக்குப் பொதுவாக இல்லை. அவர் கட்டிய மெக்கொரோட் இன்றும் மேற்குக்கரைக்குத் தண்ணீர் விற்கிறது, பக்கத்துக் குடியேற்றத்துக்குப் போகிற அளவு பாலஸ்தீனக் கிராமத்துக்குப் போவதில்லை. யோர்தான் ஆற்றின் கீழ்ப்பகுதி, இஸ்ரேலும் யோர்தானும் சிரியாவும் மேலேயே எடுத்துக்கொண்டதில், ஓடை மாதிரி சுருங்கிவிட்டது, சாக்கடல் வருடா வருடம் இறங்குகிறது. ஒரு விவசாயியாக எனக்கு இது உறுத்துகிறது. கடைமடையில் இருக்கிறவனுக்குத்தான் தெரியும், மேலே எடுக்கிறவன் எடுத்தால் கீழே என்ன ஆகும் என்று. எஷ்கோல் 1969 பிப்ரவரி 26ல் பதவியில் இருக்கும்போதே மாரடைப்பில் இறந்தார், அவருக்குப் பிறகு கோல்டா மேயர் வந்தார்.

நம்மிடமும் அப்படி முப்பது வருடம் பின்னால் நின்று செய்த வேலைகள் இருக்கின்றன, நாம்தான் மறந்துவிட்டோம். பேச்சிப்பாறை அணையைத் திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் காலத்தில் மின்சின் என்ற பொறியாளர் கட்டினார், 1906ல் முடிந்தது. மாத்தூர் தொட்டிப்பாலம் 1966ல், தேசியக் குழாய் ஓடிய இரண்டு வருடத்தில் வந்தது. பறளியாற்றுக்கு மேல் 115 அடி உயரத்தில் 28 தூண்களின் மேல் பட்டணங்கால் என்ற சானலின் தண்ணீர் ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் போகிறது, மின்சாரம் இல்லை, பம்பு இல்லை, வெறும் சரிவு. காமராஜர் போட்ட திட்டம். கல்குளம், விளவங்கோடு தாலுகா விளைகளுக்காகக் கட்டியது. சுற்றுலா வந்து படம் எடுக்கிறவர்களுக்கு அது பாலம், எங்களுக்கு அது சானல். அந்தச் சானலின் கடைசியில் இருக்கிற நாங்கள் ஏன் கிணற்றில் மோட்டார் போட்டு, இரும்புத் தண்ணீரை எடுத்து, டிரிப்பர் அடைத்துக்கொண்டு கிடக்கிறோம் என்று கேட்டால், கிளைச் சானல்கள் தூர் வாரப்படவில்லை, கரை உடைந்த இடத்தில் தண்ணீர் ஓடைக்குப் போகிறது, மடைப் பலகை இல்லை. சானல் தண்ணீர் முறையாக வந்தால் கிணற்று நீர்மட்டம் தானாக ஏறும், டிரிப்புக்கும் நல்ல தண்ணீர் கிடைக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நினைக்க வேண்டாம்.

சரி, வாங்கப் போகிறவர்களுக்கு. தமிழக அரசு 5 ஏக்கர் வரை உள்ள சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியமும், மற்றவர்களுக்கு 75 சதவீதமும் தருகிறது. சிட்டா, அடங்கல், புல வரைபடம், ஆதார், தாசில்தாரிடம் வாங்கும் சிறு குறு விவசாயி சான்று எல்லாம் வைத்துத் தோட்டக்கலைத் துறையில் பதிய வேண்டும். அங்கீகரித்த கம்பெனிகளில் எது வேண்டும் என்று தேர்ந்தெடுப்பது நீங்கள்தான், இது பலருக்குத் தெரியவில்லை, விற்க வந்தவர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். ஒருமுறை மானியம் வாங்கினால் அதே நிலத்துக்கு மறுபடி 7 வருடம் கழித்துத்தான் கிடைக்கும், அதனால் அவசரம் வேண்டாம். மானிய அளவுக்கு மேல் வருகிற சேண்ட் ஃபில்டர், தொட்டிச் செலவு நம் கையிலிருந்துதான். அதைச் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

பிரஷர் கேஜ் (அழுத்தம் காட்டும் மீட்டர்) ஃபில்டருக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, இரண்டும் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். இரண்டுக்கும் இடையில் அரை கிலோ அழுத்தத்துக்கு மேல் வித்தியாசம் காட்டினால் ஃபில்டரைக் கழற்றிக் கழுவ வேண்டிய நேரம் வந்துவிட்டது. வாரம் ஒருமுறை லேட்டரல் கடைசியில் இருக்கிற எண்ட் கேப்பைத் திறந்து விட்டால் காவி வெளியே போய்விடும், பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகளே செய்கிற வேலை.

குழாய்க்கு என் மதிப்பெண் பத்துக்கு எட்டு. ஃபில்டருக்கு மூன்று. சர்வீஸுக்கு இரண்டு, அதுவும் முதல் நாள் வந்து குழாய் போட்ட பையன்கள் வெயிலில் நின்று நேர்த்தியாக வேலை செய்ததற்காக. கையெழுத்துப் போடுவதற்கு முன் கடைக்காரரிடம் குரோமெட்டும் டிஸ்க் ஃபில்டரின் உதிரி வட்டும் இன்றைக்குக் கடையில் இருக்கிறதா என்று கேளுங்கள், எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். காட்டினால் வாங்குங்கள். இல்லையென்றால் பட்டியலில் அடுத்த கம்பெனியைப் பாருங்கள்.